ஆழம் பாராத மீகாமன்

1896ஆம் ஆண்டு சனவரி மாத நடுப்பகுதியில், அவுஸ்திரேலியாவிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் வழியில், அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் கொழும்புத் துறையில் இறங்கினார். அவருக்கு அப்பொழுது வயது அறுபது. மனைவியும் புதல்வியருள் ஒருத்தியும் உடன் வந்தனர். கோட்டைப் பகுதியிலிருந்த பிறிஸ்டல் ஹோட்டலில் தங்கி, இலங்கை மக்களின் உடை வண்ணங்களைக் கண்டு வியந்து, பின் மீண்டும் கப்பலேறினார். உலகம் அவரை மார்க் துவைன் என்று அறிந்திருந்தது. தொம் சோயரையும் ஹக்கிள்பெரி பின்னையும் படைத்துப் பல நாட்டாரையும் சிரிக்கவைத்த அப்பெரியார் இன்பச் செலவாக வந்தவரல்லர். பட்ட கடனைத் தீர்க்கும்பொருட்டு நாடு நாடாக மேடையேறிப் பேசப் புறப்பட்டவர். பேரும் புகழும் பெருவருவாயும் பெற்ற ஒருவர் முதுமையில் இந்நிலையை எய்தியது எங்ஙனம்? இதற்கு விடை காண விழைவோர் அவருடைய இளமைப் பருவத்துக்கும் நெவாடா நாட்டுச் சுரங்கங்களுக்கும் செல்லல் வேண்டும்.

சாமுவேல் கிளெமென்ஸ் என்பதே அவருடைய இயற்பெயர். 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மிசூரி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹனிபல் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தையார் தெனசி மாநிலத்திலே பல்லாயிரம் ஏக்கர் காட்டு நிலத்தை மலிவாக வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் அந்நிலம் தம் மக்களைச் செல்வராக்கும் என்பது அவர் கொண்ட உறுதியான நம்பிக்கை. 1847இல் அவர் இறந்தபின்னரும் அந்நம்பிக்கை இறக்கவில்லை. குடும்பம் வறுமையில் வாடியபோதும், நாளை வரப்போகும் செல்வத்தை எண்ணிக் காத்திருந்தது. நிலத்தாற் கிடைத்ததோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. காத்திருக்கும் பழக்கமே பிள்ளைகளுக்குக் கிடைத்த முதுசம் எனலாம்.

அச்சுக்கோப்பவராகத் தொழில் தொடங்கிய கிளெமென்ஸ், பின்னர் மிசிசிப்பியில் நீராவிக் கப்பல்களைச் செலுத்தும் மீகாமன் தொழிலைப் பயின்று 1859இல் அதற்குரிய அனுமதிப்பத்திரம் பெற்றார். அவ்வாறோ ஆண்டுதோறும் தன் போக்கை மாற்றுவது. நேற்று ஆழமாயிருந்த இடத்தில் இன்று மணல்மேடு நிற்கும். ஆதலின் ஐயமுள்ள இடத்திலெல்லாம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி, ஆழத்தைக் கூவி அறிவிப்பர். கயிற்றின் இரண்டாம் குறிவரை நீர் உண்டு, அதாவது இரண்டு பாகம், 12 அடி உண்டு, கப்பல் அச்சமின்றிச் செல்லலாம் என்பதை உணர்த்தும் கூவலே மார்க் துவைன் என்பது. அத்தொழிலிலும் ஆபத்து உண்டு. ஆயினும் அது அளந்தறியக்கூடிய ஆபத்து. அதனை அளக்கக் கற்றுக்கொண்டவர் அவர். பிற்காலத்தில் அக்கூவலையே தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றுப் போக்குவரத்து நின்றது. நெவாடாப் பிரதேசத்தின் செயலாளராக நியமனம் பெற்ற தமையனார் ஓரியனோடு, குதிரை வண்டியில் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார் கிளெமென்ஸ். அங்கே 1859இல் கொம்ஸ்டொக் என்னும் பெருங் கனிமத்தொடர் வெளிப்பட்டிருந்தது. வெள்ளியும் பொன்னும் கலந்து கிடந்த அம்மலைச் சரிவிலே வேர்ஜினியா சிற்றி என்னும் நகரம் திடீரென எழுந்தது. கனிமம் ஓடும் திசையிலே இத்தனை அடி என்று நிலத்தை அளந்து உரிமை கோருவர். அந்த அடிகளே பங்குகளாகக் கைமாறின. கிளெமென்சும் மண்வெட்டியைத் தூக்கினார். முதலில் மின்னும் அப்பிரகத்தைப் பொன்னென்று எண்ணி ஏமாந்தார். ஔரோரா என்னும் இடத்தில் உழைத்தும் பலன் காணவில்லை. அங்கே தாமும் கல்வின் ஹிக்பி என்னும் நண்பரும் வளமான கனிமத்தொடர் ஒன்றுக்கு உரிமை கோரியதாகவும், சட்டப்படி பத்து நாட்களுக்குள் செய்யவேண்டிய வேலையை ஒருவர் மற்றவர் செய்வாரென நம்பி இருவருமே வெளியூர் சென்றதாகவும், அதனால் உரிமை பறிபோனதாகவும் அவர் பின்னர் எழுதினார். அவ்வரலாற்றில் மிகை கலந்திருத்தல் கூடும். ஆயினும் அந்நூலை அவர் ஹிக்பிக்கே உரிமையாக்கினார்.

மண்வெட்டியைக் கைவிட்டு 1862இல் வேர்ஜினியா சிற்றிப் பத்திரிகை ஒன்றிலே, வாரம் 25 டொலர் சம்பளத்தில் நிருபரானார். பங்கு வியாபாரத்தின் உள்வாயில் அவருக்குத் திறந்தது அங்கேதான். புதிய சுரங்கத்தைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை எழுதும்பொருட்டு உரிமையாளர் நிருபர்களுக்குப் பங்குகளை இனாமாக வழங்குவர். அவருடைய பெட்டியில் அத்தகைய பத்திரங்கள் குவிந்தன. பங்கு வாங்குவோர் நம்பிய செய்தி எத்தன்மையது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனை எழுதியவர்களுள் அவரும் ஒருவரன்றோ? வேறிடத்து வெள்ளியை உருக்கிச் சுரங்கத்தில் இட்டு மக்களை வஞ்சித்த கதை ஒன்றை அவர் கூறுகின்றார். அங்கே கிடைத்த வெள்ளிக் கட்டியிலே நாணயத்தின் எழுத்துக்கள் அழியாமல் எஞ்சியிருந்தனவாம். எந்தக் கல்லைக் கொடுத்தாலும் வளமானதென அறிக்கை கொடுத்த உலோகப் பரிசோதகர் ஒருவரிடம், பகைவர் தச்சனுடைய சாணைக்கல்லின் துண்டை அனுப்பினர். அதில் ஒரு தொன்னுக்கு 1,000 டொலருக்கு மேற்பட்ட வெள்ளியும் 300 டொலருக்கு மேற்பட்ட பொன்னும் உண்டென்று முடிவு வந்ததாம்.

வஞ்சகர் மட்டுமன்றி நேர்மையான சுரங்கமும் முதலீட்டாளனைச் சோதித்தது. குழி ஆழமாக ஆழமாக நீர் பெருகும், பொறிகள் வேண்டும், மரச்சட்டங்கள் வேண்டும். இச்செலவுக்குக் கம்பனிகள் பங்காளரிடமே மேலும் பணம் கேட்டன. கொடாதவர் பங்கை இழந்தனர். எனவே பங்கை வாங்கிய விலையோடு ஆபத்து முடிவதில்லை. இலாபம் பகிர்ந்த சுரங்கங்களோ மிகச் சில.

இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்ட கிளெமென்ஸ் செய்தது யாது? 1864இல் சான் பிரான்சிஸ்கோ சென்று, கையிலிருந்த பங்குகளின் விலையேற்றத்தை நம்பிச் செல்வர்போல் வாழ்ந்தார். கூல்ட் அன்ட் கரி என்னும் சுரங்கத்தின் பங்கு ஓரடிக்கு 6,300 டொலர்வரை ஏறியதென அவர் நூல் கூறும். இன்னும் ஏறட்டும், பின்னர் விற்போம் என்றிருந்தார். சந்தை சரிந்தது. தாம் விற்க நினைத்த விலைக்கு வாங்குவாரில்லை. பின்னர் எவ்விலைக்கும் வாங்குவாரில்லை.

அவர் வைத்திருந்த பங்குகளுள் ஹேல் அன்ட் நோர்குறொஸ் சுரங்கத்தின் பங்கும் ஒன்று. 1869ஆம் ஆண்டளவில் மக்கே, பெயர் என்னும் இருவர் தம் கூட்டாளிகளோடு அதே சுரங்கத்தின் ஆட்சியைப் பெற்று இலாபங் கண்டனர். அவ்விலாபமே 1873இல் கொம்ஸ்டொக்கின் மாபெரும் புதையலை அவர்கள் அடைவதற்கு முதற்படியாயிற்று. அவ்விருவரும் குழிக்குள் இறங்கிப் பாறையைப் படிக்கத் தெரிந்தவர்கள். அறிவு ஐயத்தை முற்றாக நீக்கிற்று என்று கூறமுடியாது. அவர்களைப்போற் பாறையறிந்தும் ஓட்டாண்டியானோர் பலர். ஆயினும் அவர்கள் ஈயக்குண்டை இறக்கிப் பார்த்த பின்னரே கப்பலைச் செலுத்தினர். கிளெமென்ஸ் கரையில் நின்று பிறர் கூவலைக் கேட்டார்.

1864ஆம் ஆண்டின் இறுதியில் வறியவராய்க் கலிபோர்னியாவின் கழுதைக் குன்றுக்குச் சென்று, நண்பர்களோடு பொன் தேடினார். அங்கே பொன் தொடராக ஓடாது. சிறு குழிகளிலே திரண்டு கிடக்கும். ஒருநாள் கடும் மழையில், இன்னும் ஒரு வாளி மண்ணைக் கழுவ மனமின்றி விட்டுச் சென்றனராம்; அம்மழையே மண்ணைக் கரைக்க, பின் வந்தோர் அங்கே பொன்னைக் கண்டனராம். ஆனால் மழைக்கு ஒதுங்கிய நாட்களிலே குதிக்கும் தவளையொன்றின் கதையை அவர் கேட்டார். 1865 நவம்பரில் நியூயோர்க் பத்திரிகையொன்றில் அவர் எழுத்தில் வெளிவந்த அக்கதை அவருடைய புகழுக்கு அடிகோலிற்று. பொன் எங்கேயிருந்தது என்பதை அவர் அன்று முற்றாக உணர்ந்தாரில்லை.

1870இல் ஒலிவியா என்னும் செல்வர் மகளை மணந்தார். நூல்கள் பெருவருவாய் தந்தன. ஆயினும் பேஜ் என்பவர் அமைத்த அச்சுக்கோக்கும் பொறியிலே 1880 முதல் பணத்தைக் கொட்டினார். 18,000 உறுப்புக்களைக் கொண்ட அப்பொறி இயங்கும்போது அற்புதமாக இயங்கும், அடிக்கடி பழுதுபடும். 1886இல் லைனோரைப் என்னும் எளிய பொறி பத்திரிகை நிலையத்தில் வேலை தொடங்கிவிட்டது. எனினும் இதுவரை போட்ட பணம் வீணாகுமே என்று மேலும் பணம் போட்டார். நெவாடாச் சுரங்கங்கள் மேலும் மேலும் பணம் கேட்டதுபோலவே இப்பொறியும் கேட்டது. ஏறக்குறைய 3 இலட்சம் டொலர் அதிலே மறைந்தது; மனைவியின் முதுசமும் பெரும்பாலும் கரைந்தது. 1894 ஏப்ரிலில் அவருடைய பதிப்பகம் முறிந்தது. அவ்வாண்டே சிக்காகோவில் நடந்த சோதனையில் பொறியும் தோற்றது.

கடன் ஏறக்குறைய 1 இலட்சம் டொலர். ஒரு பகுதியைக் கொடுத்துச் சட்டப்படி விடுதலை பெற்றிருக்கலாம். கணவனும் மனைவியும் அதற்கு இசைந்தாரில்லை. 1895 சூலையில் உலகச் செலவு தொடங்கிற்று. வழியிலே அவுஸ்திரேலியாவின் பலராற் பொன்வயலையும், கொழும்பையும் இந்தியாவையும் கடந்தபின் யொகனஸ்பேர்க் பொன்வயலையும் அவர் கண்டார். யொகனஸ்பேர்க்கிற் பொன் அடர்த்தி குறைந்தது. ஆயினும் பாறை முழுவதும் ஓரளவு சீராகப் பரந்திருப்பது. ஆதலாற் பொறியியலாளர் இத்தனை தொன்னுக்கு இவ்வளவு பொன் என்று கணக்கிட முடிந்தது. அத்தகைய சுரங்கங்களின் பங்குகளும் 1895இல் இலண்டன் சந்தையில் அளவிறந்து ஏறிப் பின் வீழ்ந்தன. பாறையின் கணக்கு ஒன்று. பாறைக்கு மனிதர் கொடுக்கும் விலையின் கணக்கு வேறொன்று.

1896 சூலையில் செலவு முடிந்தது. இங்கிலாந்திலே தங்கியிருந்தபோது, ஊரில் விட்டுவந்த மூத்த புதல்வி சூசி ஓகஸ்ட் 18ஆம் நாள் மூளைக்காய்ச்சலால் இறந்தாள் என்ற செய்தி வந்தது. அவள் முகத்தை அவர் இறுதியாகக் காணவும் இயலவில்லை. பங்குப் பத்திரத்தில் எழுதப்படாத விலை இது. துயரோடு துயராக எழுதியும் சேர்த்தும் 1898இன் தொடக்கத்தில் கடன் முழுவதையும் தீர்த்தார். ஹென்றி றொஜர்ஸ் என்னும் வணிகர் நண்பராய் நின்று அவருடைய பணத்தைக் காத்தார். அதன் பின்னரும் புதிய உணவுத்தூள் ஒன்றில் முதலிட்டு நட்டப்பட்டார் என்பதையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. 1910 ஏப்ரில் 21ஆம் நாள் காலமானார்.

ஆழமறியாமற் காலை விடாதே என்பர் நம் முன்னோர். அளக்கக்கூடிய ஆபத்தை அளந்து ஏற்பது வாழ்க்கை. அளக்கமுடியாத இடத்தில், இழந்தாலும் இல்லம் தாங்கும் அளவுக்கு மேல் வையாதிருப்பது விவேகம். ஆற்றிலே ஒவ்வோர் இரவும் இதனைக் கடைப்பிடித்த மனிதர் கரையிலே மறந்தார். ஆயினும் பட்ட கடனை அவர் மறக்கவில்லை. பேஜின் பொறிகளுள் எஞ்சிய ஒன்று இன்றும் ஹார்ட்போர்ட் நகரில், அவர் வாழ்ந்த இல்லத்தில் காட்சிப்பொருளாக நிற்கின்றது.