பன்னிரண்டு பாடங்களும் விற்கப்பட்ட ஒரு கிதாபும்

இமாம் நவவி (ரஹ்) அவர்களை ஹிஜ்ரி 649-ல், 19-ஆவது வயதில், தந்தை நவா கிராமத்திலிருந்து டமாஸ்கஸுக்கு அழைத்து வந்தார். ரவாஹிய்யா மத்ரஸாவில் தங்கினார்கள். நாலரை மாதத்தில் ‘தன்பீஹ்’ எனும் ஃபிக்ஹு நூலை மனனம் செய்தார்கள். பிறகு தினமும் பன்னிரண்டு பாடங்கள்: ஃபிக்ஹு, ஹதீஸ், நஹ்வு, ஸர்ஃப், உஸூல்... கேட்டதோடு விடவில்லை. கடினமான இடங்களுக்கு விளக்கம், சொற்களுக்குச் சரியான உச்சரிப்பு என அனைத்தையும் குறித்து வைத்தார்கள்.

இதற்கிடையே மருத்துவமும் படிக்க ஆசைப்பட்டு இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலை வாங்கினார்கள். சில நாட்கள் மனம் இருண்டது. எந்தப் பாடமும் ஓடவில்லை. காரணம் புரிந்ததும் அந்நூலை விற்றுவிட்டார்கள். (ஒரு பாடத்தை விடுவதற்கு நம் பிள்ளைகள் எவ்வளவு வெட்கப்படுகிறார்கள்!) மனம் தெளிந்தது, பழைய பாடங்கள் தொடர்ந்தன.

ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தானபோது வயது 45தான். அதற்குள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’, ‘மின்ஹாஜ்’ இரண்டையும் எழுதி முடித்திருந்தார்கள்.