உஷ்ணதேச வைத்தியத்தின் தந்தை ஸர் பாட்ரிக் மான்ஸன்

மேற்கு மலைத்தொடரின் அடியில், முல்லையாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் பெரியாற்று அணையின் சரித்திரம் புதிதன்று. 1887ஆம் ஆண்டு தொடங்கி 1895ஆம் ஆண்டு திறப்பு விழாக் கண்ட அப்பெருவேலையைக் கர்னல் பென்னிகுயிக் நடத்திய திறமும், அதனால் நம் வயல்கள் பெற்ற வளமும் நம் இல்லங்களில் இன்றும் பேசப்படுகின்றன. ஆயினும், அம்மலைக்காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்த கூலியாட்கள் பலர் குளிர்சுரத்தால் மடிந்தமையை நாம் அத்துணை நினைப்பதில்லை. சதுப்பு நிலத்தில் எழும் கெட்ட காற்றே அச்சுரத்துக்குக் காரணம் என்று அக்காலத்தார் பலர் எண்ணியிருந்தனர். அணை திறந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ரொனால்ட் ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் செகந்தராபாத்தில் உண்மையைக் கண்டார். ராஸின் பெயரை யாவரும் அறிவர். அவருக்கு வழிகாட்டிய ஆசிரியரை அறிந்தவர் சிலரே. அவ்வாசிரியரின் வரலாற்றையே ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பாட்ரிக் மான்ஸன் 1844ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்தில் ஓல்டு மெல்ட்ரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அபர்டீன் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று தேறி, 1866ஆம் ஆண்டு சீன தேசத்துச் சுங்க இலாகாவின் வைத்தியராகப் பார்மோஸாத் தீவுக்குச் சென்றார். 1871ஆம் ஆண்டு அமாய்த் துறைமுகத்துக்கு மாறினார். அங்கே அவர் கண்ட வியாதிகளில் பலவற்றைப் பற்றித் தம் கலாசாலையில் அவர் ஒரு சொல்லும் கேட்டதில்லை. யானைக்கால் நோயால் வருந்துவோர் நாள்தோறும் அவரை நாடி வந்தனர். சத்திரம் கொண்டு வீக்கத்தை அறுத்து அகற்ற அவருக்குத் தெரியும். நோயின் மூலம் தெரியவில்லை.

1875ஆம் ஆண்டு விடுமுறையில் லண்டன் சென்றபோது, கல்கத்தாவில் லூயிஸ் என்னும் வைத்தியர் மனித இரத்தத்திலே நுண்ணிய புழுக்களைக் கண்டிருந்த செய்தியை அவர் படித்தறிந்தார். அமாய்க்கு மீண்டதும் தாமும் அப்புழுக்களைத் தேடலானார். அவருடைய சீன உதவியாளர் இருவர் வெவ்வேறு வேளைகளில் இரத்தத்தைச் சோதித்து வந்தனர். பகலில் அரிதாகக் காணப்பட்ட புழுக்கள் இரவில் இரத்தத்தில் நிறைந்திருந்தன. இரவிலே மனிதனின் இரத்தத்தை நாடி வருவது கொசுவன்றோ! ஆகவே, அப்புழுக்களை உடையவராயிருந்த தம் தோட்டக்காரர் ஹின் லோ என்பவரைக் கொசுக்கள் கடிக்குமாறு இரவில் உறங்கச் செய்து, மறுநாள் முதல் அக்கொசுக்களை ஒவ்வொன்றாகப் பிளந்து பூதக்கண்ணாடியில் நோக்கினார். புழுக்கள் கொசுவின் உடலினுள் உருமாறி வளர்ந்திருந்தன. இது 1877ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஒரு பூச்சியின் உடலில் மனித நோயின் கிருமி வளர்வதை அதற்கு முன் எவரும் இவ்வாறு காட்டியதில்லை. அப்புகழில் அந்த ஏழைத் தோட்டக்காரருக்கும் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும், இவ்விடத்தில் மான்ஸன் ஒரு பெரும் பிழை செய்தார். முட்டையிட்ட கொசு நீரில் விழுந்து மடிகின்றது என்றும், அந்நீரைப் பருகுவோர்க்குப் புழு செல்கின்றது என்றும் அவர் முடிவு கட்டினார். கொசுவின் வாழ்நாளைப் பற்றிய நல்ல நூல் எதுவும் அத்துறைமுகத்தில் கிடைக்கவில்லை. ஐயத்தை எழுப்பவும் எதிர்த்து வாதிக்கவும் உடன்தொழிலார் கூட்டம் அருகில் இல்லை. தனியாய் உழைப்பவன் உண்மையைக் காணலாம். தன் பிழையைக் காண்பது அரிது. இதனை மான்ஸன் தம் வாழ்க்கையாலேயே கற்றார் என்பது எமது துணிபு. ஏனெனில், அதன் பின்னர் அவர் சென்றவிடமெல்லாம் வைத்தியரும் மாணாக்கரும் கூடிப் பேசுவதற்கு இடம் வகுத்தார்.

1883ஆம் ஆண்டு ஹாங்காங்கில் குடியேறிய அவர், 1886ஆம் ஆண்டு அங்கு வைத்தியர் சங்கம் ஒன்று தோன்றக் காரணமாயினார். மறு ஆண்டு, ஜேம்ஸ் கான்ட்லி முதலியோருடன் கூடிச் சீன மாணாக்கர்க்கென ஒரு வைத்தியக் கலாசாலையை நிறுவி அதன் முதல் தலைவராய் அமர்ந்தார். அங்கே முதலிற் சேர்ந்து பயின்றவருள் ஒருவரே பிற்காலத்தில் சீனக் குடியரசின் முதல் அதிபராகிய ஸன் யாட்ஸென். 1896ஆம் ஆண்டு அவர் லண்டனில் சீனத் தூதர் மாளிகையில் அடைபட்டபோது, கான்ட்லியும் மான்ஸனுமே அரசாங்கத்தாரிடம் முறையிட்டு அவரை மீட்டனர்.

1889ஆம் ஆண்டு சீமைக்குத் திரும்பிய மான்ஸன், பின்னர் லண்டனில் தொழில் நடத்திக் கப்பலோட்டிகளுக்கான ஆஸ்பத்திரியில் வைத்தியரானார். 1894ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் பணியாற்றி வந்த ராஸ் விடுமுறையில் வந்து அவரைக் கண்டார். பிரெஞ்சு வைத்தியர் லாவெரான் 1880ஆம் ஆண்டு கண்ட மலேரியாக் கிருமியை ராஸ் அதுவரை கண்டதில்லை. அப்படியொன்று உண்டோ என்றும் ஐயுற்றிருந்தார். மான்ஸன் பூதக்கண்ணாடியில் அதனைக் காட்டி, கொசுவே அதற்கும் இருப்பிடமாகலாம் என்னும் தம் கருத்தையும் எடுத்துரைத்தார். இந்தியா மீண்ட ராஸ் நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களை அவருக்கு எழுதினார். மேலதிகாரிகளின் மாற்றல் உத்தரவுகளாலும் தோல்விகளாலும் சோர்ந்த போதெல்லாம் ஆசிரியரின் மறுமொழியே ராஸுக்கு ஊன்றுகோலாயிற்று. 1897ஆம் ஆண்டு நீலகிரியின் சீகூர்க் கணவாயில் ஆராயச் சென்ற ராஸ் தாமே மலேரியாச் சுரத்துக்கு ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ஹுசேன் கான் என்னும் நோயாளியைக் கடித்த ஒருவகைக் கொசுவின் வயிற்றில் அக்கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். 1898ஆம் ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியினாலேயே பரவுவதை மெய்ப்பித்தார். குடிநீரால் பரவலாம் என்று கருதியிருந்த ஆசிரியரை மாணாக்கர் திருத்திவிட்டார். மான்ஸன் சிறிதும் வருந்தினாரில்லை. எடின்பரோவில் கூடிய வைத்தியர் மகாசபையில் அச்செய்தியைத் தாமே மகிழ்வுடன் அறிவித்தார்.

உஷ்ணதேசங்களுக்கு அனுப்பப்படும் இளம் வைத்தியர் அந்நாட்டு நோய்களை அறியாமலே கப்பலேறுவது மான்ஸனின் மனத்தை நெடுநாள் வருத்தியது. அவர் இடைவிடாது வாதாடியதன் பயனாக, எதிர்ப்புகளுக்கிடையே, 1899ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் உஷ்ணதேச வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. மறு ஆண்டே அவருடைய இளந்துணைவர் ஜார்ஜ் லோ, யானைக்கால் புழு கொசுவின் மூக்குக்குழலில் தங்கியிருப்பதைக் கண்டு, அதுவும் கடியினாலேயே புகுகின்றது என்று காட்டினார். ஆசிரியரின் 23 ஆண்டுப் பழம் பிழையும் இவ்வாறு தீர்ந்தது.

அதே 1900ஆம் ஆண்டில், மலேரியா நோயாளிகளைக் கடித்த கொசுக்கள் ரோமாபுரியிலிருந்து லண்டனுக்கு வருவிக்கப்பட்டன. வைத்திய மாணாக்கராயிருந்த மான்ஸனின் மகன் தர்பர்ன், தம் கையை அவற்றுக்கு நீட்டினார். சில நாட்களில் சுரம் கண்டது. இரத்தத்தில் கிருமிகளும் தோன்றின. கொயினாவினால் அவர் குணமடைந்தார். மலேரியா இல்லாத ஊரில் கொசுக்கடி ஒன்றினாலேயே நோய் வந்தமையால், ஐயுற்றோர் வாயடைத்தனர். மனித நலத்துக்காகத் தன்னை ஈந்த அவ்விளைஞர் 1902ஆம் ஆண்டு ஒரு துப்பாக்கி விபத்தில் இறந்தார். தந்தையின் துயரைச் சொல்லவும் வேண்டுமோ!

அத்துயரிலும் அவர் பணி நிற்கவில்லை. 1907ஆம் ஆண்டு, கான்ட்லி, லோ ஆகியோரின் முயற்சியால் உஷ்ணதேச வைத்தியச் சுகாதாரச் சங்கம் லண்டனில் எழுந்தது. மான்ஸன் அதன் முதல் அக்கிராசனரானார். அடுத்து அப்பீடத்தில் அமர்ந்தவர் ராஸே. அமாயில் தமக்குக் கிட்டாத கூட்டுறவை, தூரதேசங்களில் தனித்து உழைக்கும் வைத்தியர் எல்லார்க்கும் அவர் கிட்டச் செய்தார். கீல்வாயு பல ஆண்டுகள் வருத்தியும் ஊக்கம் குன்றாத அப்பெரியார் 1922ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் நாள் இறந்தார்.

நம் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பலர் இன்று வைத்தியக் கல்வியை நாடிச் செல்கின்றனர். தேனியிலேயே அரசினர் மருத்துவக் கல்லூரியும் உண்டு. பெரியாற்றில் மடிந்தோர் காலத்து அறியாமை நீங்கிவிட்டது. ஆனால் கொசு நீங்கவில்லை. மூடாத தொட்டியிலும் எறிந்த சிரட்டையிலும் தங்கும் தெளிந்த நீரில் டெங்குச் சுரத்தைப் பரப்பும் கொசு வளர்கின்றது. மாணாக்கர் பத்துப்பேர் மாதம் ஒருமுறை கூடினால் அதுவே ஒரு சங்கம். ஒருவர் தாம் வார்டில் கண்ட சுரத்தைக் கூறலாம். மற்றொருவர் தம் ஊர்த் தொட்டியில் எடுத்த கொசுப்புழுவைப் பூதக்கண்ணாடியில் காட்டலாம். பிழையெனத் தோன்றுவதை இளையவர் எழுந்து அஞ்சாது சொல்லலாம். ஆசிரியரும் உடனிருந்து கேட்பாராயின், அச்சங்கத்துக்கு வேறு மூலதனம் வேண்டுவதில்லை. வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்குவோர் நம்மிடையிலிருந்து எழவேண்டும் என்பது எமது விருப்பம்.