கைசர் வில்ஹெல்ம்: 'எம்டன்' கப்பலின் பேரரசர் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது?

கறாரான அப்பாவை இன்றும் 'எம்டன்' என்கிறோம் இல்லையா? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை துறைமுக எண்ணெய் தொட்டிகள் மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அந்தக் கடற்படையை ஆசை ஆசையாகப் பெருக்கியவர் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். தனக்கே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, பாராட்டுக்கு ஏங்கும் மனசு, சின்ன விமர்சனத்துக்கும் பொங்கும் கோபம். இன்று 'நார்சிசிஸ்ட்' என்கிறோமே, அந்தக் குணங்கள் பலவும் அவரிடம் இருந்தன.

முயலுக்குள் கட்டிய கை

1859-ல் பெர்லினில் பிறந்தபோது பிரசவம் சிக்கலாகி, இடது கை நரம்புகள் சேதமாகின. வளர்ந்த பிறகும் அந்தக் கை சுமார் 15 செ.மீ. குட்டை. அம்மா விக்டோரியா, பிரிட்டன் ராணியின் மூத்த மகள். பட்டத்துக்கு வரவேண்டிய பிள்ளைக்கு இப்படி ஒரு குறையா என்று அவரால் ஏற்கவே முடியவில்லை. அப்போதுதான் வெட்டிய முயலின் உடலுக்குள் குழந்தையின் கையை வைத்துக் கட்டினார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். கழுத்தை நேராக்க இரும்புக் கருவி மாட்டினார்கள். படிக்கவே வலிக்குது.

ஆசிரியர் ஹின்ஸ்பீட்டர் அகராதியில் பாராட்டு என்ற சொல்லே கிடையாது. பேலன்ஸ் இல்லாமல் குதிரையிலிருந்து விழுந்து அழும் சிறுவனை, மறுபடி மறுபடி மேலே ஏற்றிவிட்டார். வில்ஹெல்ம் குதிரையேற்றம் கற்றுக்கொண்டார்தான். ஆனால் வீட்டில் கிடைக்காத பாராட்டு, தாத்தாவின் அரண்மனையிலும் போட்ஸ்டாம் ராணுவ அதிகாரிகளிடமும் அளவில்லாமல் கிடைத்தது. அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

கையா, அம்மாவா?

கைக்குறை தந்த தாழ்வு மனப்பான்மைதான் காரணம் என்றார், வாழ்க்கை வரலாறு எழுதிய எமில் லுட்விக். சிக்மண்ட் ஃப்ராய்டு அதை ஏற்கவில்லை. குறையுள்ள பிள்ளையிடமிருந்து அம்மா அன்பை விலக்கிக்கொண்டதே காயம் என்பது அவர் வாதம். ஃப்ராய்டு பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனாலும் எல்லாப் பழியையும் அம்மா தலையில் கட்டிவிட முடியாது. அதே வீட்டில், அதே ஆசிரியரிடம் வளர்ந்த தம்பி ஹைன்ரிச் இப்படி ஆகவில்லை. தம்பிக்கு சிம்மாசனமும் இல்லை, சுற்றிலும் அவ்வளவு ஜால்ராக்களும் இல்லை.

1888-ல் அப்பா தொண்டைப் புற்றுநோயில் இறந்ததும், 29 வயதில் பேரரசர் ஆனார். முதல் வேலையாக அம்மா இருந்த அரண்மனையைச் சிப்பாய்களை வைத்து வளைத்து, ஆவணங்களைத் தேடவிட்டார். 1890-ல் பிஸ்மார்க்கையே வீட்டுக்கு அனுப்பினார். ஒரே நாளில் பலமுறை சீருடை மாற்றுவார். படங்களைப் பாருங்கள், இடது கை வாள் பிடியிலோ கையுறையிலோ மறைந்திருக்கும்.

1918-ல் போரில் தோற்று, நெதர்லாந்துக்குப் போனார். 1941-ல் இறக்கும்வரை அங்கேதான். பொழுதுபோக்கு, மரம் வெட்டுவது. 1922-ல் நினைவுக் குறிப்புகளும் வெளியிட்டார். அதில் போருக்குக் காரணம் மற்ற எல்லோரும், அவரைத் தவிர.