அப்பாவுக்கு ஆறு பென்னி லஞ்சம்!

குழந்தைகளே, சார்லஸ் டார்வின் என்ற பெயரை உங்களில் பலர் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நீண்ட வெண்தாடியும் அடர்ந்த புருவமும் கொண்ட ஒரு தாத்தாவின் படம் அந்தப் பாடத்தில் இருக்கும். உயிரினங்கள் எல்லாம் பல கோடி ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக மாறியே இன்றைய உருவத்தை அடைந்தன என்று விளக்கி, உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்.

இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் வீட்டில் எப்படி இருந்திருப்பார்? கடுகடுவென்று இருந்திருப்பார், பிள்ளைகள் அவர் அறைப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? உண்மை அதற்கு நேர்மாறானது. பத்துக் குழந்தைகளுக்குத் தந்தையான அவர், அந்தக் குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே, வீட்டில் இருந்தபடியேதான் தம் ஆராய்ச்சிகளைச் செய்தார்.

புத்தகம் காட்டிய வழி

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற மருத்துவர். சார்லசுக்கு எட்டு வயதானபோது தாய் இறந்துபோனார். அதன் பிறகு அக்காக்கள்தாம் அவரை வளர்த்தார்கள்.

பள்ளியில் லத்தீன், கிரேக்கச் செய்யுள்களை மனப்பாடம் செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படிப்பதென்றால் கொள்ளை ஆசை. பள்ளிக் கட்டடத்தின் தடித்த சுவரில் இருந்த ஒரு பழைய ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, மணிக்கணக்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் படிப்பார். உடன் படித்த மாணவன் ஒருவனிடம் உலக அதிசயங்களைப் பற்றிய ஒரு புத்தகம் இருந்தது. அதை அடிக்கடி வாங்கிப் படிப்பார். அதில் எழுதியிருப்பது உண்மையா, பொய்யா என்று நண்பர்களுடன் வாதாடுவார். தொலைதூர நாடுகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விதைத்தது அந்தப் புத்தகம்தான் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

கில்பர்ட் வைட் என்பவர் தம் ஊரான செல்போர்னின் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதிய நூலும் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்ததும் சிறுவன் சார்லஸ் தானும் பறவைகளைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டான்.

தந்தையின் விருப்பப்படி எடின்பரோ நகருக்கு மருத்துவம் படிக்கப் போனார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிகள் படும் வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் வெளியே ஓடிவந்துவிட்டார். பிறகு கேம்பிரிட்ஜில் படித்தார். அங்கே ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞரின் தென் அமெரிக்கப் பயண நூலில் மூழ்கிப்போனார். பிடித்த பகுதிகளைக் கையால் எழுதிவைத்து, நண்பர்களுக்கும் படித்துக் காட்டுவார்.

அந்தக் கனவு பலித்தது. 1831 டிசம்பரில், தமது 22-ஆம் வயதில், 'பீகிள்' என்ற கப்பலில் புறப்பட்டார். உலகைச் சுற்றி வர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. கப்பலை விட்டு இறங்கி நிலப் பகுதிகளுக்குள் செல்லும்போது ஒரே ஒரு புத்தகம் எடுத்துச் செல்லத்தான் இடம் இருக்கும். அப்போதெல்லாம் அவர் கையில் இருந்தது மில்டன் என்ற கவிஞரின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியம்!

வீடே அலுவலகம்

1839-இல் டார்வின் தம் உறவுப் பெண்ணான எம்மாவை மணந்தார். 1842-இல் லண்டனிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டவுன் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். அந்த வீட்டின் பெயர் 'டவுன் ஹவுஸ்'. கடைசி வரை அதுதான் அவருடைய வீடு, அலுவலகம், ஆய்வுக்கூடம் எல்லாம்.

குடும்பத்தில் செல்வம் இருந்ததால் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனால் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. இத்தனைக்கும் அவருக்கு உடல்நலம் சரியில்லை. வாந்தியும் தலைச்சுற்றலும் அடிக்கடி வந்து படுத்தும். அதனால் ஒவ்வொரு நாளையும் கடிகாரம் போல வகுத்துக்கொண்டார்.

விடிந்ததும் சிறிது நடை. சிற்றுண்டிக்குப் பின் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை எழுத்து வேலை. பிறகு வந்த கடிதங்களைப் பார்ப்பார். எம்மா ஒரு கதைப் புத்தகத்தை உரக்கப் படிக்க, சோபாவில் படுத்துக் கேட்பார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை மீண்டும் வேலை. அப்புறம் மணல் பாதையில் நடை. வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே அவரே அமைத்த பாதை அது. சிந்தித்துக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வருவார். பிள்ளைகளுக்கும் அதுதான் விளையாட்டு மைதானம். அவர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடினாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்பாவின் அறையில்

பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் நேராக அப்பாவின் அறைக்குத்தான் போவார்கள். கத்தரிக்கோல், நூல், பசை, அடிக்கோல், சுத்தியல் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒருவர் போனதும் அடுத்தவர் வருவார். டார்வின் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தேடி எடுத்துக் கொடுப்பார். பொறுமை எல்லை மீறிப் போனால், இன்று நிறையத் தடவை இடைஞ்சல் ஆகிவிட்டது, இனிமேல் வராமல் இருக்க முடியுமா என்று கெஞ்சுவது போலக் கேட்பார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு!

அவருடைய மகன்களில் ஒருவனுக்கு நான்கு வயது இருக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. அப்பா வேலை நேரத்தில் இருந்தார். அவன் அறைக்குள் வந்து, விளையாட வந்தால் ஆறு பென்னி தருகிறேன் என்றான். வேலை நேரம் என்பது அப்பாவுக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் காசு கொடுத்து வாங்கப் பார்த்திருக்கிறான்!

இன்னொரு நாள், லியோனார்டு என்ற மகன் சோபாவின் மேல் குதித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் சோபாவில் குதிக்கக் கூடாது என்பது சட்டம். உள்ளே வந்த டார்வின், இது விதிக்கு மாறானது ஆயிற்றே என்றார். அப்படியானால் நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுவது நல்லது என்று பதில் சொன்னானாம் மகன். இந்தக் கதையை மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர் டார்வினேதான். மாடிப்படியில் வைத்துச் சறுக்கி விளையாட ஒரு மரப்பலகையும் அந்த வீட்டில் இருந்தது.

கப்பல்களின் அடியிலும் பாறைகளிலும் ஒட்டிக்கொண்டு வாழும் கொட்டலசுகளை டார்வின் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். எல்லா அப்பாக்களுக்கும் இதுதான் தொழில் போலிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் எந்த அறையில் கொட்டலசு ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒரு குழந்தை கேட்டதாம்!

பிள்ளைகள் அவருக்கு உதவியும் செய்தார்கள். உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய தேனீக்கள் தோட்டத்தில் ஒரே வழித்தடத்தில் பறப்பதை டார்வின் கவனித்தார். ஐந்தாறு பிள்ளைகளை ஆளுக்கோர் இடத்தில் நிற்க வைத்தார். தேனீ வந்ததும் அங்கே நிற்கும் பிள்ளை குரல் கொடுக்க வேண்டும். இப்படியே தேனீக்களின் பாதையைக் கண்டறிந்தார்கள்.

ஆறாத துயரம்

மகிழ்ச்சி நிறைந்த அந்த வீட்டில் பெருந்துயரமும் புகுந்தது. பத்துக் குழந்தைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தார்கள். மூத்த மகள் ஆனி, அப்பாவின் செல்லம். மணல் பாதையில் அவருக்கு முன்னால் துள்ளிக் குதித்துப் போவாள். தலைமுடியைச் சீவி விடுவாள். 1851-இல் அவள் நோய்வாய்ப்பட்டாள். சிகிச்சைக்காக மால்வர்ன் என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். எம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அதனால் உடன் செல்ல முடியவில்லை. டார்வின் மகளின் படுக்கையருகே இருந்து, ஒவ்வொரு நாளும் அவள் நிலையை எம்மாவுக்குக் கடிதமாக எழுதினார்.

ஏப்ரல் 23-ஆம் நாள் ஆனி இறந்தாள். அவளுக்குப் பத்து வயது. அடக்கம் முடியும் வரை டார்வின் அங்கே தங்கவில்லை. வீட்டில் கலங்கிக்கொண்டிருந்த எம்மாவிடம் விரைந்து திரும்பினார். ஒரு வாரத்துக்குப் பின், மகளின் சிரிப்பு, நடை, குணம் எல்லாவற்றையும் மறந்துவிடாமல் இருக்க ஒரு கட்டுரையாக எழுதிவைத்தார். எம்மா அவளுடைய எழுதுபொருள் பெட்டியைக் கடைசி வரை பாதுகாத்தார்.

1858 ஜூன் மாதம் மற்றொரு சோதனை. டார்வின் தம் கொள்கையை இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்து, சான்றுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆய்வாளர் தொலைவில் இருந்து ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். படித்த டார்வின் திகைத்துப்போனார். தாம் கண்ட அதே கொள்கையை வாலசும் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்! அந்தக் கட்டுரையை மறைத்துவிட்டுத் தம் நூலை முந்தி வெளியிட டார்வினுக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது நியாயம் என்று நண்பர்கள் லையல், ஹூக்கர் இருவரிடமும் கேட்டார்.

அதே நாட்களில் மகள் ஹென்றியட்டா தொண்டை அடைப்பான் நோயால் அவதிப்பட்டாள். கடைக்குட்டிக் குழந்தை சார்லசுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். ஜூன் 28-இல் குழந்தை இறந்தது. ஜூலை 1-ஆம் நாள் லண்டனில் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவர் எழுத்துகளும் சேர்த்துப் படிக்கப்பட்டன. அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்துக்கு டார்வின் போகவில்லை. துயரத்தில் இருந்த குடும்பத்துடன் இருந்தார்.

அடுத்த ஆண்டு, 1859 நவம்பர் 24-இல், 'உயிரினங்களின் தோற்றம்' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. அச்சான 1,250 பிரதிகளுக்கும் முதல் நாளே கேட்பு வந்துவிட்டது.

மாலை நேரமும் கதைகளும்

இரவு உணவுக்குப் பின் டார்வினும் எம்மாவும் பேக்கமன் ஆடுவார்கள். தாயம் போலக் கட்டை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. வெற்றி, தோல்வி எல்லாவற்றுக்கும் டார்வின் கணக்கு வைத்திருந்தார்! 1876-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதப்படி, எம்மா வென்றவை 2,490 ஆட்டங்கள்; தாம் வென்றவை 2,795.

வால்டர் ஸ்காட், ஜேன் ஆஸ்டின், எலிசபெத் காஸ்கெல் ஆகியோரின் நாவல்களை அந்த வீட்டில் திரும்பத் திரும்பப் படித்தார்கள். கதை மகிழ்ச்சியாக முடிய வேண்டும் என்பது டார்வினின் ஆசை. சோகமாக முடியும் கதைகளைத் தடை செய்ய ஒரு சட்டம் போட வேண்டும் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். துயரத்தை நேரில் பார்த்தவர் அல்லவா!

புத்தகங்களை அவர் நேசித்தாரே தவிர, அழகாக அடுக்கி வைக்கவில்லை. கனமான புத்தகத்தைக் கையில் பிடிக்கச் சிரமமாக இருந்தால் இரண்டாகக் கிழித்துவிடுவார்! நீங்கள் இதை மட்டும் பின்பற்ற வேண்டாம். ஆனால் படித்த நூல்களை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தாரே, அதைத் தாராளமாகப் பின்பற்றலாம்.

முதுமையில் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. இளமையில் விரும்பிய கவிதையும் ஷேக்ஸ்பியரும் இப்போது சுவைக்கவில்லையே என்று வருந்தினார். மீண்டும் ஒரு வாழ்க்கை கிடைத்தால், வாரத்துக்கு ஒரு முறையாவது கவிதை படிக்கவும் இசை கேட்கவும் தவற மாட்டேன் என்று எழுதினார்.

வளர்ந்த பிள்ளைகள் அவருக்குத் துணையானார்கள். ஹென்றியட்டா அவருடைய கையெழுத்துப் படிகளைத் திருத்திக் கொடுத்தார். பிரான்சிஸ் செடிகளின் அசைவு பற்றிய ஆராய்ச்சியில் உதவினார். மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று சோதிக்கக் குடும்பமே சேர்ந்துகொண்டது. பிரான்சிஸ் பசூன் என்ற ஊதுகருவியை வாசித்தார். எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவே இல்லை. ஆனால் புழுக்கள் இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்ததும், அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடி ஒளிந்தன! இந்த ஆராய்ச்சி 1881-இல் நூலாக வந்தது. 1882 ஏப்ரல் 19-இல் டார்வின் காலமானார். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. புத்தகம் அச்சானதும் டார்வின் அதன் கையெழுத்துத் தாள்களைப் பாதுகாக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் பிள்ளைகளிடம் படம் வரையக் கொடுத்துவிட்டார். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் நூற்றுக்கணக்கான தாள்களில் சில பத்துத் தாள்களே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்றின் பின்பக்கத்தில், பழங்களும் காய்கறிகளும் போர் வீரர்களாகி மோதிக்கொள்ளும் வண்ணப் படம் இருக்கிறது. பிள்ளை வரைந்த படம் என்று அந்தப் பெற்றோர் எடுத்துவைத்த தாள், இன்று உலகமே போற்றும் கையெழுத்துப் படியாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.