கெய்ரோவின் நடன ஆசிரியை

எகிப்து நாட்டின் 'பெல்லி டான்ஸ்' உலகப் பிரசித்தம். அந்த ஆட்டத்துக்குப் பெரிய மேடையில் இடம் தேடித் தந்தவர் பதியா மசாப்னி.

இவர் 1892-ல் சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் பிறந்தவர். எகிப்துக்கு வந்து நாடக மேடை ஏறினார். புகழ்பெற்ற ஹாஸ்ய நடிகர் நகீப் அல் ரிஹானியை மணந்தார். இல்லறம் நிலைக்கவில்லை. பதியா மனம் தளரவில்லை. 1926-ல் கெய்ரோவில் சொந்த ஆடலரங்கு திறந்து, தனிக் குழுவும் அமைத்தார். பெண்களுக்கு மட்டும் பகல் காட்சிகளும் நடந்தன. குடும்பப் பெண்கள் தயங்காமல் வந்தார்கள்.

அதுவரை நின்ற இடத்திலேயே இடையை அசைத்து ஆடுவதே வழக்கம். பதியாவோ மேடை முழுவதும் சுழன்றாடவும், கைகளை அழகாக வீசவும் தம் குழுப் பெண்களைப் பழக்கினார். வாத்தியக் கோஷ்டியையும் பெரிதாக்கினார். அவரிடம் தேறிய தஹியா காரியோக்கா, சாமியா கமால் இருவரும் திரைப்பட நட்சத்திரங்களாகி, ஆசிரியையின் புகழையே மிஞ்சிவிட்டார்கள்!

பிற்காலத்தில் வரிப் பாக்கித் தொல்லை வந்தது. 1950 வாக்கில் பதியா லெபனானுக்குப் போய்விட்டார். ஆயிரக்கணக்கானோரை மயக்கிய அந்த மாது, அங்கே பால் பண்ணையும் கடையும் நடத்திப் பிழைத்தார். 1974-ல் காலமானார்.

இன்றும் கெய்ரோ மேடைகளில் நடனப் பெண்கள் சுழன்றாடுவது அவர் பழக்கிவிட்ட வழியில்தான்.