எழுத்து வார்த்த பால் ரென்னர்

அச்செழுத்தோடு நாம் தினந்தோறும் பழகுகிறோம். ஆயினும் அவ்வெழுத்துக்கு உருவம் கொடுத்தவர் யாரென்று நினைப்பதில்லை. உலகெங்கும் வழங்கும் ‘ஃபியூச்சுரா’ என்னும் ரோமன் டைப்பை அமைத்த பால் ரென்னரின் சரித்திரம், அச்சுத் தொழிலாளருக்கு மட்டுமன்றித் தேசத்தொண்டில் ஈடுபட்டோர் யாவருக்கும் உரியது என்பது நமது அபிப்பிராயம்.

ரென்னர் 1878-ஆம் வருஷம் ஜெர்மனியில் வெர்னிகரோடு என்னும் ஊரில் பிறந்தார். சித்திரம் பயின்றார், பின்னர் ம்யூனிச் நகரில் நூல்களை அழகுற அமைப்பதில் பெயர் பெற்றார். அக்காலத்து ஜெர்மானிய நூல்களிற் பல, கோணங்கள் மலிந்த ‘பிராக்டூர்’ என்ற பழைய எழுத்தில் அச்சாயின. அதைத் தேசிய எழுத்தென்று போற்றினோர் அநேகர். ரென்னரோ 1924 முதல் வேறு வழி தேடினார். வட்டம், சதுரம், திரிகோணம் ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டு, நுனிகளில் கொக்கியில்லாத எழுத்துக்களை வரைந்தார்.

கருவி கொண்டு வரைந்த வட்டம் கண்ணுக்குச் சரியான வட்டமாகத் தோன்றுவதில்லை. ஒரே கனமுள்ள கோடுகள் கூடுமிடம் கறுத்துக் காணும். ஆகவே வளைவுகளைச் சிறிது திருத்தி, கோடுகள் சேருமிடத்தை மெலிவித்தார். பெரிய எழுத்துக்களுக்குப் பண்டை ரோமாபுரிக் கல்வெட்டுக்களின் அளவைக் கைக்கொண்டார். முதலில் வரைந்த விநோத உருவங்கள் சில பின்னர் கைவிடப்பட்டன. பிராங்க்பர்ட் நகரத்து பௌவர் வார்ப்புச்சாலை 1927-இல் இந்த டைப்பை வெளியிட்டது. தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் அது பெரிதும் ஏற்றதாயிற்று.

அந்நாளில் நாஜிகள் புதிய கலைகளையெல்லாம் கலாசார போல்ஷ்விஸம் என்று தூற்றினர். ரென்னர் வாளாவிருக்கவில்லை. 1932-இல் அதை மறுத்து ஒரு நூல் எழுதினார். அது ஸ்விட்ஸர்லாந்தில் பிரசுரமாயிற்று. மறுவருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ரென்னர் கைதானார். ம்யூனிச் அச்சுக்கலாசாலையின் தலைமைப் பதவியையும் இழந்தார். அவர் அழைத்துவந்த உபாத்தியாயர் ஜான் சிஹோல்டும் சிறைப்பட்டு, பின் ஸ்விட்ஸர்லாந்து சென்றார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! தேசிய எழுத்தென்று கொண்டாடிய அதே பிராக்டூரை, 1941-இல் நாஜி சர்க்கார் யூத எழுத்தென்று பொய் கூறி விலக்கிற்று. ரென்னர் கான்ஸ்டன்ஸ் ஏரியருகே ஹோடிங்கனில் ஒதுங்கி வாழ்ந்து, 1956-இல் காலமானார். 1969-இல் அமெரிக்கர் சந்திரனில் விட்டுவந்த உலோகப் பலகையின் வாசகம் அவரது எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

தாய்நாட்டின் பெயரால் துவேஷம் வளர்ப்பது தேசபக்தியாகாது. பதவி போயினும் உண்மையை உரைத்த ரென்னரே அந்நாட்டின் மெய்யான தொண்டர் என்போம்.