வாய்க்கால் தண்ணீரில் பூமியின் வயசைப் பார்த்தவர்

படித்தது ஒன்று, பார்த்த வேலை வேறு. நம்ம சீனியர்களில் பாதிப் பேர் கதை இதுதான். ஜியாலஜியின் தந்தை என்று சொல்லப்படும் ஜேம்ஸ் ஹட்டன் கதையும் இதேதான்!

1726-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். முதலில் ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் மனசு முழுக்க கெமிஸ்ட்ரியில் இருந்ததால் அது நீடிக்கவில்லை. அப்புறம் எடின்பரோ, பாரிஸ், லைடன் என்று சுற்றி மருத்துவம் படித்து, 1749-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கியதோடு சரி, டாக்டர் தொழிலுக்கே போகவில்லை. நண்பர் ஜேம்ஸ் டேவியோடு சேர்ந்து புகைக்கரியிலிருந்து நவச்சாரம் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அவருக்குக் காசு கொடுத்தது அந்தத் தொழில்தான்.

ஆனால் அவர் வாழ்க்கையை மாற்றியது அப்பா விட்டுப்போன நிலம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்குப் போய் விவசாயம் கத்துக்கிட்டு வந்து, 1750-களில் அந்த நிலத்தில் இறங்கினார். கல் பொறுக்கி, வடிகால் வெட்டி, மண்ணைப் பண்படுத்தினார். மழை வந்தால் அந்த மண்ணில் கொஞ்சம் வாய்க்காலில் கலங்கலாக ஓடும். வாய்க்காலிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஆறு, கடைசியில் கடல்.

எல்லா விவசாயியும் பார்த்த காட்சிதான். ஹட்டன் அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். மண் இப்படிப் போய்க்கிட்டே இருந்தால் எப்பவோ தீர்ந்திருக்கணுமே, ஏன் தீரவில்லை?

ஒரு பதில் காலுக்குக் கீழேயே இருந்தது. பாறை விரிசலில் தண்ணீர் இறங்கி, உறையும்போது விரிந்து பாறையைப் பிளக்கும். மழைநீர் கனிமங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அப்படிச் சிதைந்த பாறைதான் மண்ணுக்கு அடிப்படை. சாயில் மெக்கானிக்ஸில் நாம ரெண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதேதான். பாறை அழியாவிட்டால் மண் இல்லை, பயிரும் இல்லை.

சரி, பாறையும் ஒரு நாள் தேய்ந்து முடிந்துவிடாதா? இதற்குத்தான் அவர் பல வருஷம் யோசித்தார். கடலுக்குப் போன மண் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகி, பாறையாகிறது. பூமியின் உள்வெப்பம் அதை மறுபடி மேலே தூக்குகிறது. பழைய நிலம் கரையும்போதே புது நிலம் தயாராகிறது.

ஒரே பிரச்சினை, இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அன்றைக்கு ஐரோப்பாவில் பலரும் பைபிள் கணக்கை வைத்து பூமிக்கு வயசு சுமார் 6,000 வருஷம் என்று நம்பினார்கள். 1785-ல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. முதல் நாள் அவருக்கு உடம்பு சரியில்லாததால் நண்பர் ஜோசப் பிளாக் வாசித்தார். எதிர்ப்பு வந்தது, மதத்துக்கு விரோதம் என்ற பேச்சும் வந்தது.

1788-ல் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் இருவரோடும் படகில் கடலோரமாகப் போய் சிக்கர் பாயின்ட் என்ற இடத்தில் இறங்கினார். கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நின்றன. அதன் தலைமேல் செம்மணற்கல் லேசான சரிவில் படுத்திருந்தது. கீழ் அடுக்கு கடலடியில் படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்த பிறகுதான் மேல் அடுக்கு வந்திருக்க முடியும். ரெண்டுக்கும் நடுவே பல கோடி வருஷ இடைவெளி என்று இன்றைக்குச் சொல்கிறார்கள்.

1795-ல் ரெண்டு பாகமாகப் புத்தகம் போட்டார். நடை கஷ்டமாக இருந்ததால் படித்தவர்கள் குறைவு. 1797-ல் இறந்தார். 1802-ல் பிளேஃபேர் அதையே எளிமையாக எழுதிய பிறகுதான் ஐடியா பரவியது. லயல் அதை வளர்த்தார், லயலின் புத்தகத்தை டார்வின் கப்பலில் கொண்டுபோனார். ஹட்டனின் சமாதிக்குப் பெயர்ப்பலகை வந்தது 1947-ல்தான்.

பூமி மண்ணைத் திரும்பத் தரும் என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகவே நூற்றுக்கணக்கான வருஷம் ஆகலாம். மரத்தை வெட்டி, சரிவை உடைத்து, ஒரே மழையில் நாம அதைக் கழுவி விடுகிறோம். ஹட்டன் போட்ட கணக்கில் பூமிக்கு அவசரமே இல்லை. அடுத்த போகத்துக்கு மண் வேண்டியது நமக்குத்தான்.